தாதாவுக்குப் பாதி வயிறு

அந்த நீண்ட அறையில் நாளொன்றுக்கு முப்பது கொலைகளுக்குக் குறைந்து விழுந்ததில்லை. ஒன்றுக்காவது போலீஸ் வந்ததா? ஒரு மோப்ப நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கொன்றவனும் செத்தவனும் கட்டைவிரல் நுனி அளவே இருந்தது ஒரு காரணம். இருவருமே தலைப்பிரட்டைகள் என்பது இன்னொரு காரணம்.

தினமும் முதல் பிணத்தைப் பார்க்கிறவர் தொட்டிக்காரர்தான். ஐம்பத்துநான்கு வயது, பளபளக்கும் வழுக்கை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், காதில் பென்சில். காலையில் கதவைத் திறந்ததும் இருபது கண்ணாடித் தொட்டிகளையும் வரிசையாகப் பார்த்துத் தலைகளை எண்ணுவார். நேற்றைய எண்ணிக்கையிலிருந்து கழித்து, "ஒன்பதாம் தொட்டி, ஆறு பேர் காலி" என்று நோட்டில் எழுதுவார். வால் மட்டும் மிதந்தால் அதற்கும் ஒரு வரி உண்டு. பதினாறு வருஷமாக இதே வேலை. உலகத்தில் இத்தனை கொலையைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய மனிதன் வேறு எவனும் இல்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு கர்வம்.

அவை சாதாரணத் தேரைகள் இல்லை. பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு கறுப்புத் தகடு முளைத்த தேரைகள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த மண்வெட்டியால் பின்பக்கமாகவே தோண்டி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். பெருமழை இடித்ததும் எழுந்து வந்து, தேங்கின குட்டையில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். குட்டை வற்றுவதற்குள் முட்டை பொரிந்து, கால் முளைத்து, வால் கரைந்து, கரையேறியாக வேண்டும். ஏறாதவன் சருகு.

இந்த அவசரத்தில்தான் கொலை பிறக்கிறது. தண்ணீர் சுருங்கி, நெருக்கடி கூடி, வாயில் இறாலோ சதையோ பட்டுவிட்டால் சில குட்டிகளுக்குப் புத்தியோடு முகமும் மாறும். கன்னம் புடைக்கும். தாடை அகலும். நீளமாகச் சுருண்டு கிடந்த குடல் குட்டையாகிவிடும். நேற்றுவரை பாசி மேய்ந்த சாது, இன்று பக்கத்தில் நீந்துகிறவனைத் தலையோடு விழுங்குவான். விழுங்கினவன் மடமடவென்று வளர்ந்து எல்லோருக்கும் முன்னால் கரையேறுவான். குட்டையில் சூரியன் பார்க்கிற வேலையை இங்கே தொட்டிக்காரர் பார்த்தார். தினமும் ஒரு ரப்பர் குழாயை வைத்து, தொட்டிக்கு ஒரு விரற்கடை வீதம் தண்ணீரை உறிஞ்சி எடுப்பார்.

அந்த ஆராய்ச்சி அறைக்குச் சொந்தக்காரி மேடம். குச்சி மாதிரி உடம்பு, இடி மாதிரி குரல். அவள் ஐந்து வருஷமாக ஒரே ஒரு கேள்வியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ஏழாம் தொட்டியின் தாய், மூன்றே வாரத்தில் வற்றும் குட்டையில் பிடிபட்டவள். எட்டாம் தொட்டியின் தாய், வருஷம் முழுக்கத் தண்ணீர் தளும்பும் ஏரியில் சொகுசாக வாழ்ந்தவள். இரண்டு தொட்டியிலும் ஒரே மாதிரி தண்ணீரைக் குறைத்தால், குட்டைக்காரியின் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கால் வருமா, வராதா? வந்தால், வறட்சி என்கிற சாட்டை பரம்பரை பரம்பரையாக உடம்புக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் அந்த இரண்டு தொட்டியில் மட்டும் கொலைக்கு இடமில்லை. எவனுக்குக் கன்னம் புடைக்கிறதோ, அவனை உடனே தனிக் கிண்ணத்துக்கு நாடு கடத்த வேண்டும்.

ஏழிலிருந்து அப்படி நாடு கடத்தப்பட்டவன்தான் தாதா. பெயர் வைத்தவர் தொட்டிக்காரர். தலை கொட்டைப்பாக்கு அளவு, கண்ணில் ஒரு கெட்ட எண்ணம். கரண்டியைக் கிண்ணத்துக்குள் விட்டால் கரண்டியையே கடிப்பான். தன் சொந்தப் பிள்ளைகள்மேல் காட்டாத பெருமிதத்தைத் தொட்டிக்காரர் அவன்மேல் காட்டினார்.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் மூன்று பேர் வெள்ளிக்கிழமை பார்வையிட வருவதாகக் கடிதம் வந்திருந்தது. ஏழும் எட்டும் அவர்கள் கண்முன் தனித்தனியாக நின்றால் அறை இன்னும் ஐந்து வருஷம் ஓடும். இல்லாவிட்டால் பூட்டு. பூட்டினால் மேடம் வேறு ஊருக்குப் போய் வேறு கேள்வி கேட்பாள். தொட்டிக்காரர் எங்கே போவார்? தலைப்பிரட்டை எண்ணத் தெரியும் என்று எவனிடம் போய் வேலை கேட்பது?

இந்த நிலைமையில், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவருடைய சொந்த அண்ணன் கையில் பைப் ரெஞ்சோடு அந்த அறைக்குள் நுழைந்தார். காதுக்குள் சோப்பு நுரை இருந்தது.

அண்ணனும் அதே கட்டடத்தில்தான் வேலை. குழாய்க்காரர். தம்பியைவிட மூன்று வயது மூப்பு, முப்பது கிலோ கூடுதல். வீட்டிலும் இருவருக்கும் ஒரே கூரை. மேலே அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம், மொட்டை மாடியில் பொதுவாக ஒரு தண்ணீர் டேங்க். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கோடையில், மேல்வீட்டுக்குத் தண்ணீர் போதவில்லை என்று அண்ணன் கீழ்வீட்டுக் குழாயில் ஒரு வால்வு மாட்டி அடைத்தார். தம்பி போய்த் திறந்தார். அண்ணன் வால்வுக்குப் பூட்டுப் போட்டார். தம்பி பூட்டை உடைத்தார். அண்ணன் பூட்டை விட்டுவிட்டுத் தம்பியின் முன்பல்லை உடைத்தார்.

அன்று தொடங்கியது. ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, எல்லாமே அடிதான். நான்கு பல், இரண்டு விலா எலும்பு, ஒரு தோள்பட்டை, ஒரு இரும்புக் கதவு, தெருவில் சும்மா நின்ற மூன்றாம் மனிதர் ஒருவரின் மூக்கு எல்லாம் போயின. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் இவர்களுக்கென்று தனியாக ஒரு கட்டுத்துணி உருளை எடுத்து வைத்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு நாள் கிழமை கிடையாது. தண்ணீர் குறைகிற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு, மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒன்று.

அந்தப் புதன்கிழமை விடிந்ததும் தம்பி மாடிக்குப் போய், வால்வையே அறுவாள் கொண்டு அறுத்து எறிந்து, இடைவெளியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். டேங்க் முழுவதும் கீழ்வீட்டுக்கு ஓடியது. மேல்வீட்டில் உச்சி முதல் பாதம் வரை சோப்புப் பூசிக்கொண்டு கண்ணை மூடி நின்ற அண்ணன், குழாயைத் திருகினார். காற்று வந்தது.

"வால்வை அறுத்தவன் யாருடா?"

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு அதுதான்.

"தாகமெடுத்தவன் அறுத்தான்" என்றார் தொட்டிக்காரர். முதல் பதிலும் அதுதான்.

ரெஞ்ச் அவர் காதோரமாகக் காற்றைக் கிழித்துப் போய்ச் சுவரில் இருந்த கடிகாரத்தை அடித்தது. ஒன்பது மணி இரண்டு நிமிஷத்தோடு அன்றைய நேரம் நின்றது. தொட்டிக்காரர் குனிந்து அண்ணனின் தொப்பையில் தலையால் முட்டினார். அண்ணன் 'ஹுக்' என்று ஒரு சத்தம் போட்டு, தம்பியின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினார். அரை மூட்டை சிமெண்டைத் தூக்குகிற மாதிரி தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, விட்டார். தொட்டிக்காரர் பறந்தார். ஒரு மேஜை உடைந்தது, இரண்டாவது மேஜை உடைந்தது, மேஜைகளின்மேல் இருந்த ஏழாம் தொட்டியும் எட்டாம் தொட்டியும் ஒரே சமயத்தில் வெடித்தன. கண்ணாடி பொடிப்பொடியாகத் தெறித்தது. தொட்டிக்காரரின் முழங்கையில் ஒரு சில்லு குத்தி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. அண்ணன் பின்வாங்கின வேகத்தில் அவருடைய செருப்புக்கடியில் மூன்று பேர் பசையானார்கள்.

இப்போது கவனியுங்கள். ஏழாம் தொட்டித் தண்ணீர் தரையில் இடப்பக்கமாக ஓடியிருந்தது. எட்டாம் தொட்டித் தண்ணீர் வலப்பக்கமாக ஓடியிருந்தது. நடுவில் ஒரு முழம் காய்ந்த தரை. வேறு எவனாவது அங்கே இருந்திருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பான். நின்றிருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் தொட்டிக்காரருக்குப் பதினாறு வருஷப் பழக்கம். தரையில் துடிக்கிற தலைப்பிரட்டையைக் கண்டால் அவர் மூளையைக் கேட்கமாட்டார், கையே ஓடும். கண்ணாடித் துண்டுகளின்மேல் மண்டியிட்டு, முழங்கையில் ரத்தம் சொட்டச் சொட்ட, இடக்கையால் இடப்பக்கமும் வலக்கையால் வலப்பக்கமும் வழித்து வழித்து, எழுபத்தொரு உயிரை இரண்டே நிமிஷத்தில் காப்பாற்றினார். எல்லோரையும் ஒரே சிவப்பு வாளியில் போட்டுக் காப்பாற்றினார்.

சத்தம் கேட்டு மேடம் ஓடி வந்தாள். உடைந்த மேஜைகளைப் பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

"இது ஏழா, எட்டா?"

தொட்டிக்காரர் வாளியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடி குத்தினபோது வராத வலி அப்போது வந்தது.

 மேடம் உடைந்த மேஜையின்மேல் உட்கார்ந்துகொண்டு, வாளிக்குள் சுழலுகிற எழுபத்தொரு ஒரே மாதிரித் தலைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய்க்காரர் மெல்லக் கதவைப் பார்த்து நகர்ந்தார். நகர்ந்தால் ரெஞ்சை எடுத்து அவர் மண்டையிலேயே போடுவேன் என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னதும் நின்றுவிட்டார். சில குட்டிகளுக்குப் பின்னங்கால் மொட்டு விட்டிருக்கிறதே, அதை வைத்துப் பிரித்தால் என்ன என்று தொட்டிக்காரர் கேட்டார். யாருக்குச் சீக்கிரம் கால் வருகிறது என்பதுதானே கேள்வி, காலை வைத்துப் பிரித்தால் பதிலை நாமே எழுதிக்கொண்ட மாதிரி ஆகாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். வால் நுனியைக் கத்தரித்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம், முடிவு வர மூன்று வாரம் ஆகும், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

தொட்டிக்காரர் முழங்கையிலிருந்து சில்லைப் பிடுங்கி எறிந்தார்.

"நமக்குத் தெரியாது மேடம். தாதாவுக்குத் தெரியும்."

மேடம் நிமிர்ந்தாள். அது உண்மைதான், போன வருஷமே அதே அறையில் அவள் அதைப் பார்த்து எழுதியிருந்தாள். தின்கிற பயல் எவனைப் பிடித்தாலும் முதலில் வாய்க்குள் வைத்து ருசி பார்ப்பான். அந்நியன் என்றால் விழுங்குவான். கூடப்பிறந்தவன் என்றால் துப்பிவிடுவான். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் பெரும்பாலும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அவனுக்கு அரைவயிறு நிரம்பியிருக்க வேண்டும். முழுவயிறு என்றால் எவனையும் தொடமாட்டான். பட்டினி என்றால் அண்ணனாவது தம்பியாவது, எல்லாம் இரைதான்.

மேடம் எழுந்தாள். தொட்டி உடைந்தது, கலந்தது, இப்படிப் பிரித்தோம், வால் நுனி பரிசோதனைக்குப் போயிருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி, வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் கையில் கொடுப்பாள். மறைக்கிற வேலையே இல்லை. ஆனால் அவர்கள் வரும்போது இரண்டு தொட்டி நின்றாக வேண்டும்.

"ரெண்டு பேரும் எதிரெதிரே உட்காருங்க" என்றாள். "உடைச்சவங்களே பிரிங்க."

உடையாமல் மிஞ்சியது இரண்டு ஸ்டூல்தான். தொட்டிக்காரர் மடியில், தாதாவைக் கிண்ணத்திலிருந்து மாற்றிவிட்ட ஒரு பேசின். குழாய்க்காரருக்குப் பக்கத்தில் ஜன்னல் விளிம்பில் இரண்டு கிண்ணம், ஒன்றில் ஏழு என்றும் ஒன்றில் எட்டு என்றும் எழுதியிருந்தது. அவர் காலடியில் ஒரு தட்டில் உயிருள்ள பொடி இறால். பத்துப் பேருக்கு ஒருமுறை தாதாவுக்கு இரண்டு இறால் போட வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. மேடம் அதை மூன்று தரம் சொன்னாள்.

முதல் குட்டியைத் தொட்டிக்காரர் கரண்டியில் எடுத்துப் பேசினில் விட்டார். தாதா அசையவில்லை. கண் மட்டும் திரும்பியது. பிறகு ஒரு வெட்டு. குட்டி வாய்க்குள். வால் வெளியே துடித்தது.

"ஒண்ணு" என்றார் தொட்டிக்காரர். "ரெண்டு." வேறு வழியில்லாமல் அண்ணனும் சேர்ந்து எண்ணினார். "மூணு."

தாதா, கசப்பு மருந்தைத் துப்புகிற குழந்தை மாதிரி, குட்டியைத் துப்பினான். ஏழு. குட்டி மூர்ச்சை தெளிந்து நீந்தியது. அடுத்தவனைக் கவ்வினான். மூன்று வரை எண்ணியும் துப்பவில்லை, தாடை இறுகியது, தொண்டை விரிந்தது. தொட்டிக்காரர் கரண்டிக் காம்பை அவன் வாய்க்குள் நுழைத்து நெம்பி, பாதி உள்ளே போனவனைக் கொலைகாரன் தொண்டையிலிருந்து பிடுங்கினார். எட்டு. வாலில் கால்வாசி போயிருந்தது. போனால் போகட்டும், வால் திரும்ப வளரும். ஆத்திரத்தில் தாதா தொட்டிக்காரரின் விரலைக் கடித்தான். தோல் பிய்ந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்காரன் என்றால் இவனல்லவா வேலைக்காரன்.

இப்படியே கவ்வல், துப்பல், நெம்பல், பிடுங்கல். பேசின் தண்ணீர் வெளிர்சிவப்பாகிவிட்டது. மணி பதினொன்று இருக்கும்போது, குழாய்க்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்கிற மாதிரி, இந்தச் சனியனுக்குக் கால் எதற்கு முளைக்கிறது என்று கேட்டார்.

தொட்டிக்காரரும் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினார். மேடம் பதினாறு வருஷத்தில் சொன்னதையெல்லாம் தம் கைச்சரக்கும் சேர்த்து அவிழ்த்துவிட்டார். முப்பத்தாறு கோடி வருஷத்துக்கு முன், அதற்கு முன்னாலும் இருக்கலாம், கரை என்று ஒன்று இருந்ததே தவிர அதில் முதுகெலும்புள்ள ஒரு பயலும் கிடையாது. எல்லாக் கலவரமும் தண்ணீருக்குள்தான். பஸ் நீளத்துக்கு மீன்கள், கத்தரிக்கோல் மாதிரி தாடைகள், கண்ணில் பட்டதையெல்லாம் இரண்டாக நறுக்கும். அடிதாங்காத சிறு மீன்கள் முழங்கால் ஆழச் சேற்றுக்கு ஓடின. அங்கே அழுகின இலை, மூச்சு முட்டும் தண்ணீர். தலையை வெளியே நீட்டிக் காற்றைக் குடித்தன. காற்றுப்பை அவற்றுக்கு ஏற்கெனவே இருந்தது. கால் அப்புறம்தான் வந்தது. அதுவும் நடப்பதற்கு வரவில்லை. செடிகொடியைப் பிடித்து, சேற்றைத் தள்ளி, தண்ணீருக்குள்ளேயே நகர்வதற்குத்தான் துடுப்பு எலும்பு கெட்டிப்பட்டு விரல் விட்டது. ஒருத்தனுக்கு ஒரு கையில் எட்டு விரல். கரையேறினது பிறகு, பல லட்சம் வருஷம் அடி வாங்கின பிறகு. தொட்டிக்காரரின் கட்சி என்னவென்றால், நம் முப்பாட்டன் கரையேறினது உலகம் பார்க்கிற ஆசையில் இல்லை. உதை தாங்காமல் ஓடி வந்தவன் அவன். மேடம் இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். குட்டை வற்றினது, சாப்பாடு கிடைத்தது, வெயில் காய்ந்தது என்று பத்துக் காரணம் சொல்வாள். அவள் அடிபட்டதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

 அப்படியானால் இந்தக் குட்டிக்குச் செவுளும் உண்டு, பிறகு நுரையீரலும் உண்டு, தோலாலும் காற்று வாங்கும், அப்படித்தானே என்றார் குழாய்க்காரர். அப்படித்தான் என்றார் தொட்டிக்காரர் சுவரிடம்.

"ரெண்டு மூணு லைன் போட்டு வெச்சிருக்கான்" என்றார் அண்ணன். குரலில் தொழில் மரியாதை. "ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு. ஆனா வேலை முடியலை. தோல் காஞ்சா காலி, முட்டையை இன்னும் தண்ணியிலதான் வைக்கணும். அரைகுறையா விட்டுட்டுப் போன காண்ட்ராக்டர்."

அரைகுறை வேலைதான் முப்பது கோடி வருஷத்துக்கு மேல் ஓடுகிறது, நீ போட்ட வால்வு ஒன்பது வருஷம்கூட ஓடவில்லையே என்று தொட்டிக்காரர் சுவரிடம் சொன்னார். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஓர் உதை விட்டார். தொட்டிக்காரர் பேசினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாடையில் வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மற்றவன் ஏதாவது செய்துவிடுவான் என்று இருவருக்கும் பயம். மூன்று மணிக்கு மேடம் தன் அறிக்கையை எழுத அடுத்த அறைக்குப் போனாள். அதுவரை ஐம்பது பேர் முடிந்திருந்தார்கள். ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு மணி வாக்கில் தொட்டிக்காரருக்கு ஏதோ நெருடியது. வரிசையாக ஏழு பேரைத் தாதா துப்பவில்லை. அறுபத்துநான்காவது ஆளை அவர் கரண்டியைத் திருப்புவதற்குள் முழுசாக விழுங்கியே விட்டான். ஏப்பம் மாதிரி ஒரு குமிழி வந்தது.

கிண்ணங்களில் வெயில் பட ஆரம்பித்துவிட்டது, தண்ணீர் சூடானால் எல்லோரும் போய்விடுவார்கள். இருவரும் இடம் மாற எழுந்தார்கள். தொட்டிக்காரர் இரு கையாலும் தாதாவின் பேசினை ஏந்திக்கொண்டார். குழாய்க்காரர் ஒரு கையில் ஏழாம் கிண்ணம், ஒரு கையில் எட்டாம் கிண்ணம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் தொட்டிக்காரர் கண்ணில் அந்தத் தட்டுப் பட்டது. இறால் குறையவே இல்லை. நீந்திக் களித்துக்கொண்டிருந்தது.

"இதுக்குத் தீனி போட்டியா?"

"அம்பதோட நிறுத்திட்டேன்" என்றார் அண்ணன். "பசி இருந்தாத்தான் வேலை நடக்கும். பாரு, துப்பாம எவ்வளவு சுறுசுறுப்பா திங்கறான்."

அவர் கைக்கு அடைத்துத்தான் பழக்கம். தொட்டிக்காரருக்குத் தலைக்குள் ஒன்பது வருஷமும் ஒரே சமயத்தில் கொதித்தது. காலிக் குழாய்கள், மனைவி தூக்கின குடங்கள், உடைந்த முன்பல். கையில் பேசின் இருக்கிறது, அதில் தாதா இருக்கிறான், அவன் போனால் எட்டாம் கிண்ணத்தில் யார் எவன் என்று சொல்ல ஆளில்லை. கீழே வைக்கலாம் என்றால் தரை முழுக்கக் கண்ணாடித் தூள். ஆகவே பேசினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையால் அண்ணனின் மூக்கில் முட்டினார்.

நொறுங்கின சத்தம் அடுத்த அறைவரை கேட்டிருக்கும். அண்ணனின் மூக்கிலிருந்து ரத்தம் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. அவர் கையிலும் அறுபத்துமூன்று உயிர். கிண்ணத்தைப் போட்டால் மேடம் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். இரு கையையும் சிலுவை மாதிரி விரித்துக் கிண்ணங்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்காலால் தம்பியின் வயிற்றில் இடித்தார். தம்பி மடங்கினார், பேசின் மட்டம் சாயவில்லை. பூட்ஸால் அண்ணனின் கணுக்காலில் மிதித்தார். அண்ணன் ஒற்றைக் காலில் ஆடினார், கிண்ணங்கள் ஆடவில்லை. தோளால் இடித்தார்கள், நெற்றியால் மோதினார்கள். சுவரில் ரத்தம் சாரல் அடித்தது. இத்தனைக்கும் கைகள் நான்கும் தாம்பாளம் ஏந்தினவை போல அசையாமல் நின்றன. கடைசியில் அண்ணனுக்கு எல்லா ஆயுதமும் தீர்ந்துபோயிற்று. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காத வயிறு. வாயைத் திறந்தார். தம்பியின் தோளும் கழுத்தும் சேர்கிற இடத்தில், சட்டையோடு சேர்த்துக் கவ்வினார்.

பல் சதையில் இறங்கியது. தொட்டிக்காரர் கத்தவில்லை. பழக்கதோஷம், வாய் தானாக எண்ணியது.

"ஒண்ணு." தாடை இறுகியது. "ரெண்டு."

மூன்று சொல்லுமுன் அண்ணன் விட்டுவிட்டார். பின்னால் ஓர் அடி நகர்ந்து, ரத்தமும் சட்டை நூலுமாகத் தரையில் துப்பினார். வாயைத் துடைக்கக் கை இல்லை. மூச்சு வாங்கியது.

தொட்டிக்காரர் அவர் முகத்தையே பார்த்தார்.

"ஏழா, எட்டா?"

 அண்ணன் ஒருமுறை இருமினார். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏழுதான். சனியன்."

கதவில் மேடம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் இவர்களுடைய மூக்கையோ தோளையோ பார்க்கவில்லை. மூன்று பாத்திரத்தையும் பார்த்தாள். ஒன்றும் சிந்தவில்லை என்று கண்டதும், சாப்பிட்டுவிட்டு வந்து தொடரும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாப்பிட்டார்கள். தாதாவுக்கு நான்கு இறால் போட்டு அரைமணி நேரம் விட்டார்கள். துப்பப்பட்டவன் சந்தேகமில்லாமல் ஏழு, துப்பாதவன்மேல்தான் சந்தேகம் என்று தொட்டிக்காரர் கணக்குப் போட்டார். ஆக எட்டாம் கிண்ணத்தின் முப்பத்துமூன்று பேரும் மறுபடி கொலைகாரன் வாய்க்குள் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. இந்தத் தடவை குழாய்க்காரர், மூக்கில் பஞ்சு, பத்துக்கு ஒருமுறை தவறாமல் இரண்டு இறால் போட்டார். ஐந்து பேரைத் தாதா துப்பினான். மிச்சமிருந்த ஏழு பேரில் மூவர் துப்பப்பட்டார்கள். இருட்டுவதற்குள் முடிந்தது. ஏழில் முப்பத்தெட்டு, எட்டில் முப்பத்திரண்டு, தாதா வயிற்றில் பெயர் தெரியாத ஒருவன்.

வெள்ளிக்கிழமை மூவரும் வந்தார்கள். மேடம் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர், ஒரு தலைப்பிரட்டை வாயில் வைத்துப் பார்த்துக் கூடப்பிறந்தவனைக் கண்டுபிடிக்கும் என்பதை நம்பச் சிரமமாக இருப்பதாகச் சொன்னார். போன வருஷத்து ஏடுகளை மேடம் எடுக்கப் போனாள். அதற்குள் தொட்டிக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினார். மேல்வரிசை ஆறு பல், கீழ்வரிசை ஐந்து பல், துல்லியமான பதிவு. பின்னால் குழாய் பழுது பார்க்கிற சாக்கில் நின்ற அண்ணன், இல்லாத கசிவு ஒன்றை மிகவும் கவனமாகத் தேட ஆரம்பித்தார்.

மூன்று வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. எழுபது பேரில் இருவர் மட்டும் இடம் மாறியிருந்தார்கள். அறைக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. குட்டைக்காரியின் பிள்ளைகளுக்கு நான்கு நாள் முன்னதாகக் கால் வந்தது. எல்லோருக்கும் முன்னால் கரையேறினவன் தாதா. வால் கரைந்து, அந்தப் பயங்கர வாய் சுருங்கி, பயந்த முகத்தோடு ஒரு சின்னத் தேரை ஈரமணல்மேல் உட்கார்ந்திருந்தது. தொட்டிக்காரர் விரலை நீட்டினார். அது கடிக்கவில்லை. பின்னங்கால் மண்வெட்டியால் பின்பக்கமாகத் தோண்டித் தோண்டி, அவர் கண்ணெதிரே மணலுக்குள் இறங்கி மறைந்துவிட்டது.

சண்டை நின்றதா என்று கேட்பீர்கள். யார் சொன்னது? போன மாதம் ஓர் ஏணி விஷயத்தில் தொட்டிக்காரருக்கு இன்னொரு பல் போயிற்று, அண்ணனுக்கு ஒரு சுண்டுவிரல் மடங்காமல் நிற்கிறது. ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் விடியலில் மொட்டை மாடியில் ரெஞ்ச் சத்தம் கேட்டது. அண்ணன் புது வால்வு மாட்டிக்கொண்டிருந்தார். தொட்டிக்காரர் அறுவாளை எடுத்துக்கொண்டு படியேறப் போனார். அப்போது கீழ்வீட்டுக் குழாய் கனைத்தது, இருமியது, பிறகு ஒழுகத் தொடங்கியது. முழுத் திறப்பு இல்லை, பாதி. தொட்டிக்காரர் படியில் நின்றபடியே அந்தத் தாரையை அளந்தார். பிறகு அறுவாளைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒரு வாளியை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்தார். மேலே பாதி, கீழே பாதி, போதும். அரைவயிறு நிரம்பியிருந்தால் அவன் கடித்தாலும் துப்பிவிடுவான்.